வணிகவியல் மாணவருக்கு இறையியல் எதற்கு?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள நோட்ர டாம் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கே அக்கவுண்டன்சி படிக்கச் சேரும் மாணவர் பற்று வரவு மட்டும் படித்துப் பட்டம் வாங்கிவிட முடியாது. இறையியலில் இரண்டு பாடங்களும், தத்துவத்தில் குறைந்தது ஒரு பாடமும் தேற வேண்டும். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், மதமே இல்லாதவராக இருந்தாலும் விதி ஒன்றுதான். டெக்ஸாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ வேதம், கிறிஸ்தவ மரபு என இரண்டு பாடங்கள் கட்டாயம். யூட்டாவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மதப் பாடங்களுக்கு மட்டும் 14 கிரெடிட்!

வேலைக்கு உதவாத பாடத்துக்கு ஏன் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டும்? இது இன்றைய மாணவர்களின் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதற்கு இருநூறு வயது ஆகிறது.

எல்லாமே கட்டாயமாக இருந்த காலம்

ஹார்வர்டு (1636), யேல் (1701), பிரின்ஸ்டன் (1746) மூன்றும் கிறிஸ்தவக் கல்லூரிகளாகத் தொடங்கியவை. லத்தீன், கிரேக்கம், கணிதம் என அனைவருக்கும் ஒரே பாடத்திட்டம். சேப்பல் வழிபாட்டுக்கு வராவிட்டால் தண்டனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இறுதி ஆண்டு மாணவர்களுக்குப் பல கல்லூரிகளில் கல்லூரித் தலைவரே நேரில் வந்து ஒழுக்கவியல் நடத்துவார். அவர் பெரும்பாலும் ஒரு போதகராக இருப்பார். நான்கு ஆண்டுகள் படித்ததையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுக்கும் பாடம் அது.

செத்துப்போன மொழிகள் எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். 1828-இல் யேல் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டுப் பதில் சொன்னது. மனதில் சரக்கை நிரப்புவதைவிட மனதைப் பயிற்றுவிப்பதே கல்லூரியின் முதல் வேலை என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

எலியட்டின் புரட்சி

1869-இல் ஹார்வர்டின் தலைவரானவர் சார்லஸ் எலியட். இவர் போதகர் அல்ல, வேதியியல் ஆசிரியர். மாணவன் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்பது இவர் கொள்கை. ஒவ்வொன்றாகக் கட்டாயப் பாடங்களை நீக்கிக்கொண்டே வந்தார். 1886-இல் கட்டாய வழிபாடும் போனது. 1890-களின் இறுதியில் ஹார்வர்டில் மிஞ்சிய கட்டாயப் பாடம் அநேகமாக முதலாண்டு ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் மட்டுமே!

1885-இல் நியூயார்க்கில் எலியட்டும் பிரின்ஸ்டன் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷும் ஒரே மேடையில் இதை விவாதித்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தத்துவ அறிஞரான மெக்காஷ், விருப்பப் பாடங்களை முழுக்க எதிர்த்தவர் அல்ல. அடிப்படைப் பாடங்களையும் தவிர்த்துவிடலாம் என்றால் மாணவர்கள் சுலபமானதைத் தேடித்தான் போவார்கள் என்பதே அவர் அச்சம்.

எலியட்டின் அடுத்த மோதல் இயேசு சபையினரோடு. அவர்களுடைய கல்வித் திட்டம் 1599-இல் வகுக்கப்பட்டது. நூற்றாண்டுகளாக மாறாத பாடத்திட்டம் என்று 1899-இல் எலியட் அதைச் சாடினார். திமோதி பிராஸ்னஹன் என்ற இயேசு சபைக் குரு கடுமையான மறுப்பு எழுதினார். எலியட்டின் கட்டுரையை வெளியிட்ட அட்லாண்டிக் மாத இதழ் மறுப்பை வெளியிட மறுத்தது. அது 1900-இல் வேறு இதழில் வந்தது. இது வெறும் பேனாச் சண்டை அல்ல. அதே காலத்தில் ஹார்வர்டு சட்டக் கல்லூரி, கத்தோலிக்கக் கல்லூரிப் பட்டதாரிகள் பலரை நேரடியாகச் சேர்க்க மறுத்தது. பாடத்திட்டம் பற்றிய சண்டை மாணவர்களின் எதிர்காலத்தையே தொட்டுவிட்டது.

ஊசல் திரும்பியது

மெக்காஷின் அச்சம் பலித்தது. 1909-இல் எலியட்டுக்குப் பின் வந்த லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்ற துறைகளில் ஓரளவு அகலம் என்ற விதியைக் கொண்டுவந்தார். 1919-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சமகால நாகரிகம் என்ற பொதுப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. 1945-இல் ஹார்வர்டே பொதுக் கல்வி பற்றிப் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டது. சுதந்திர நாட்டின் குடிமக்களுக்குப் பொதுவான அறிவு ஒன்று வேண்டும் என்றது அது. பழைய கல்லூரியில் மதம் செய்த வேலையை, இப்போது இலக்கியமும் வரலாறும் செய்ய வேண்டியிருந்தது.

கட்டாய வழிபாடு யேலில் 1926-இலும், பிரின்ஸ்டனில் 1964-இலும் முடிவுக்கு வந்தது. வெஸ்ட் பாயின்ட் போன்ற அரசு ராணுவக் கல்லூரிகளில் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1972-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

இறையியல் ஏன் நின்றது?

1967-இல் நோட்ர டாம் தலைவர் தியடோர் ஹெஸ்பர்க் தலைமையில் கத்தோலிக்கக் கல்வியாளர்கள் கூடி ஓர் அறிக்கை தந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சியும் கல்விச் சுதந்திரமும் வேண்டும், அதே சமயம் இறையியல் அங்கே உயிருள்ள துறையாக இருக்க வேண்டும் என்றது அது. அதாவது, இறையியல் இனி மறைக்கல்வி அல்ல. கேள்வி கேட்டு, ஆராய்ந்து, விவாதித்துப் படிக்கும் பாடம்.

2014-இல் நோட்ர டாம் தன் கட்டாயப் பாடங்களை மறு ஆய்வு செய்யத் தொடங்கியபோது இறையியலைக் குறைத்துவிடுவார்களோ என்று பெரிய விவாதம் எழுந்தது. 2016-இல் முடிவு வந்தது. இரண்டு இறையியல் பாடங்களும் அப்படியே நீடித்தன. இரண்டு தத்துவப் பாடங்களில் ஒன்றுக்குப் பதிலாகக் கத்தோலிக்கச் சிந்தனையை வேறொரு துறையோடு இணைக்கும் பாடத்தையும் எடுக்கலாம் என்ற சலுகை கிடைத்தது. புதிய திட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒரு வணிகக் கணக்கும் உண்டு. கட்டாயப் பாடம் என்றால் நிச்சயமான மாணவர் எண்ணிக்கை. நிச்சயமான எண்ணிக்கை என்றால் நிச்சயமான ஆசிரியர் பணியிடங்கள். ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக மாற்றுவது, சந்தையில் காப்பு வரியை நீக்குவதைப் போன்றது. எனவே துறைகள் போராடுவதில் வியப்பில்லை. ஆனால் காப்பு வரி சரக்கின் தரத்துக்கு உத்தரவாதம் தராது.

எலியட் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. விருப்பமில்லாமல் படிப்பது மனதில் ஒட்டாது. மெக்காஷ் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தெரியாத ஒன்றை விரும்பித் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. கடன், வட்டி, கூலி, நீதி என்று மதங்கள் காலம் காலமாகப் பேசியவை வணிகவியல் மாணவருக்கும் சம்பந்தப்பட்டவைதானே! கட்டாயம் என்பது மாணவரை வகுப்பறை வரை கொண்டுவந்து உட்கார வைக்கும். அதற்குமேல் நடக்க வேண்டியது ஆசிரியர் பாடம் நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது.