பதுக்கியதை அழித்தல்

பள்ளிக்கூடத்தில் ஐ.சி.ரி. படித்தவர்களுக்கு ‘பதுக்கு நினைவகம்’ ஞாபகமிருக்கும். பரீட்சைக்காகப் பாடமாக்கின சொல். அது எவ்வளவு பொருத்தம் எண்டு இப்பத்தான் விளங்குது: ‘கேஷ்’ என்பதே ஒளித்துவைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல்.

2003இல், லைவ்ஜேர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தை நடத்திய பிராட் ஃபிட்ஸ்பற்றிக், தன் தரவுத்தளத்தின் சுமையைக் குறைக்க மெம்கேஷ்ட் எழுதினார். ஒருமுறை எடுத்த விடையைச் சேர்வரின் நினைவகத்தில் வைத்துக்கொண்டால், அடுத்தவர் கேட்கும்போது தரவுத்தளத்திடம் போகத் தேவையில்லை. வைப்பது சுகம். எப்ப அழிப்பது என்பதுதான் சிக்கல். ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று ஒருவர் மாற்றிய பதிவின் பழைய பிரதி நினைவகத்தில் கிடந்தால், ஊரே வாசிக்கும். முழுதும் அழிக்க ‘ஃப்ளஷ் ஓல்’ என்றொரு கட்டளை இருக்கு. உண்மையில அது எதையும் துடைக்காது, எல்லாம் காலாவதி என்று குறித்துவிட்டுப் போகும். (கோப்பு மூடியாச்சு எண்டு முத்திரை குத்துற கந்தோர் மாதிரி.)

2010 செப்டெம்பர் 23 அன்று பேஸ்புக் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் படுத்தது. வெளியில இருந்து ஆரும் தாக்கேல்லை. கேஷில் பிழையான அமைவுப் பெறுமானம் கிடந்தால் மூலத்தைப் பார்த்துத் திருத்த ஒரு தானியங்கி முறை வைத்திருந்தார்கள். அன்று மூலத்திலேயே பிழை ஏறிவிட்டது. பிழையைக் கண்ட ஒவ்வொரு சேர்வரும் தரவுத்தளத்திடம் ஓடியது, செக்கனுக்கு லட்சக்கணக்கான கேள்விகள். தரவுத்தளம் திணறிப் பிழைச்செய்தி அனுப்பியது. அதையும் பிழையான பெறுமானம் என்றே எடுத்து, கேஷில் இருந்ததைச் சேர்வர்கள் அழித்தன. அழித்ததால் திரும்பக் கேட்டன. மூலத்தைத் திருத்தின பிறகும் இந்தச் சுழல் நிற்கேல்லை. கடைசியில் தளத்தையே மூடி, தரவுத்தளம் மீண்ட பிறகுதான் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள்.

‘கேஷ் தானே, அழிச்சா திரும்ப வரும்’ எண்டு எல்லாரும் சொல்லுவம். வரும், மூலம் தாங்கினால். பிரதி இருந்தவரை அது எவ்வளவு பாரத்தைச் சுமந்தது என்பது அழித்த பிறகுதான் தெரியுது.

2013இல் பேஸ்புக் பொறியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ‘லீஸ்’ என்றொரு ஏற்பாடு வருகிறது. ஒரு பதிவு அழிந்திருந்தால், கேட்டு வருபவர்களில் ஒருவருக்கே தரவுத்தளத்திடம் போக ரோக்கன். அதுவும் பத்து செக்கனுக்கு ஒன்று. மற்றவர்கள் பொறுத்திருந்து திரும்பக் கேட்கவேணும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த விசயம்: அழித்த பிரதியையும் அவர்கள் உடனே எறியவில்லை. கொஞ்ச நேரம் ஒரு பக்கத்தில் வைத்திருந்து, பழசு எண்டாலும் போதும் என்பவர்களுக்கு ‘பழசு’ என்று குறித்தே கொடுத்தார்கள்.