சப்ரகமுவ தோட்டப்புற வெள்ளாடுகளில் எபிடியூரல் மரப்பூசியும் நோவு தணிப்பும்

1. ஆய்வின் எல்லை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் லயத்துக்குப் பின்புறம் பலகையால் உயர்த்திக் கட்டிய ஆட்டுக் கூடுகளைக் காணலாம். கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ வரும் சம்பளத்துக்கு வெளியே அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் சேமிப்பு பெரும்பாலும் இதுதான். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவோ வீட்டில் ஒரு சாவோ வந்தால் முதலில் விலை பேசப்படுவது ஆடு. அப்படிப்பட்ட ஆட்டுக்கு வயிற்றைக் கீறியோ பின்பக்கத்தில் கைவைத்தோ சிகிச்சை செய்ய நேரும்போது நோவை எப்படி அடக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். தோட்டச் சூழலுக்கு, முள்ளந்தண்டுப் பகுதியில் மரப்பு மருந்து செலுத்தும் எபிடியூரல் மிகப் பொருந்திய முறை என்றும், அந்த ஊசியோடு நோவு தணிப்பு முடிந்துவிட்டதாகக் கொள்வது தவறு என்றும் இங்கே வாதிடப்படுகிறது.

2. கத்தி தேவைப்படும் சந்தர்ப்பங்கள்

நாட்டாடு சிறிய உடம்புக்காரி. அவளை ஜமுனாபாரி, போயர் போன்ற பெரிய இனக் கிடாயோடு சேர்த்தால் குட்டி நல்ல விலைக்குப் போகும் என்பது உண்மை. ஏறத்தாழ 150 நாள் சினைக்காலம் முடியும்போது அதே குட்டி இடுப்பு வழியில் சிக்கிக்கொள்வதும் உண்மை. முதல் ஈற்றுக் கிடேறிகளில் இந்த ஆபத்து கூடுதல். வெளியே இழுக்க முடியாவிட்டால் இடது விலாவைக் கீறிக் குட்டியை எடுக்க வேண்டும். ஈற்றுக்கு முன்னோ பின்னோ யோனியோ கருப்பையோ வெளித்தள்ளுவது, தெருநாய் பின்தொடையைக் குதறிய காயம், காயடித்த கிடாயில் மூத்திரக்கல் அடைப்பு ஆகியவை மற்றவை. இவை அனைத்திலும் நோவு எழும் இடம் உடம்பின் பின்பாதி என்பதைக் கவனிக்க வேண்டும். எபிடியூரல் அடக்குவதும் அந்தப் பாதியைத்தான்.

3. முழு மயக்கத்தின் இடர்

அசைபோடும் பிராணியை மல்லாத்தி முழு மயக்கத்தில் ஆழ்த்துவது பெரிய ஆஸ்பத்திரியிலேயே கவலை தரும் வேலை. பெருவயிற்றில் புளித்துக்கொண்டிருக்கும் தீனி வாயுவாகி வயிறு ஊதும்; ஏப்பம் விட முடியாத ஆட்டுக்கு மூச்சு முட்டும். வயிற்று நீர் தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் தப்பிப் பிழைத்த ஆடும் சில நாளில் நுரையீரல் அழற்சியால் சாகும். இதைத் தடுக்க மூச்சுக்குழலில் குழாய் செலுத்த வேண்டும், ஒட்சிசன் வேண்டும், முன்கூட்டியே பட்டினி போட வேண்டும். குட்டி சிக்கிய ஆட்டைப் பட்டினி போட நேரம் ஏது? எட்டியாந்தோட்டைக்கு மேலேயோ பலாங்கொடைக்கு அப்பாலோ ஒரு மேற்பிரிவு லயத்தின் திண்ணையில் இவற்றுள் எதையும் எதிர்பார்க்க முடியாது. பேராதனையிலுள்ள கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா ஆஸ்பத்திரிக்கு ஆட்டை ஏற்றிச் செல்லும் வாகனக் கூலி, பல வேளைகளில் ஆட்டின் விலைக்கே நெருங்கிவிடும். எபிடியூரலில் ஆடு விழித்திருக்கிறது; தானே மூச்சு விடுகிறது, தானே விழுங்குகிறது. தோட்டத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

4. முறை வந்த வழி

முள்ளந்தண்டுப் பகுதியில் மரப்பு மருந்து செலுத்தும் முயற்சிகளில் நாய்க்கு முக்கிய இடமுண்டு. நியூயோர்க்கில் லெனர்ட் கோர்னிங் 1885இல் ஒரு நாயிடம் கொக்கெயினைச் சோதித்தார். 1901இல் பாரிசில் சிக்கார், கத்தலான் இருவரும் தனித்தனியே திருவென்பு வழியாக எபிடியூரல் வெளியை அடைந்தனர். வியன்னாவில் பெனெஷ் 1926இல் இதை மாட்டு வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். சுவீடனில் லோஃப்கிரென் 1943இல் லிக்னோகெயினை ஆக்கினார். இன்று நம் மிருக வைத்தியரின் பெட்டியில் இருப்பதும் அந்த 2 சதவீத லிக்னோகெயின்தான்.

5. இடமும் ஊசியும்

5.1 வால் அடி. வால் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் திருவென்புக்கும் முதல் வால் என்புக்கும் இடையே அசையும் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அங்கே 1 முதல் 2 மில்லிலீற்றர் போதும். வால் துவளும், யோனியும் குதமும் மரக்கும், ஆடு நின்றபடியே இருக்கும். வெளித்தள்ளிய கருப்பையைக் கழுவி உள்ளே தள்ளும்போது ஆடு முக்காமல் இருக்க இது வேண்டும். விலாவைக் கீறுவதற்கு இது உதவாது.

5.2 நாரி–திருவென்பு இடைவெளி. வயிற்று அறுவைக்கு இடம் இதுவே. ஆட்டை நெஞ்சுப்புறமாகப் படுக்கவைத்துப் பின்னங்கால்களை முன்னோக்கி இழுத்துப் பிடித்தால் முதுகு வளைந்து இடைவெளி திறக்கும். இரண்டு இடுப்பெலும்பு முனைகளிலும் பெருவிரலையும் நடுவிரலையும் வைத்து, சுட்டுவிரலை நடுக்கோட்டில் இறக்கினால், கடைசி நாரி என்பின் முள்ளுக்குச் சற்றுப் பின்னால் விரல் அமிழும். மயிரை வழித்து, பொவிடோன் அயடினால் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். மாரியில் நனைந்த மயிர்தான் இங்கே கிருமியின் வீடு. இந்த இடத்தில் அவசரம் காட்டினால் முள்ளந்தண்டுக்குள்ளேயே சீழ் வைக்கும். ஊசியை நேர்குத்தாக இறக்கும்போது தடித்த தோலுக்கு அடுத்து என்புகளைப் பிணைக்கும் இணையம் ஒன்று தடுக்கும். அதைத் தாண்டியதும் ஒரு சிறு 'பொத்' உணர்வு. ஊசியின் தலையில் வைத்த ஒரு சொட்டு மருந்து உள்ளே உறிஞ்சப்பட்டால் வந்த இடம் சரி.

ஆட்டில் முண்ணாண் திருவென்புக்குள்ளும் நீள்வதால் ஊசி வன்தாயியைத் துளைத்து மூளைய முண்ணாண் பாய்பொருளை எட்டிவிடுவது அரிதல்ல. தெளிந்த நீர் வந்தால் ஊசியை மீள எடுக்கலாம்; அல்லது மருந்தைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம். முழு அளவையும் அங்கேயே செலுத்தினால் மரப்பு முன்னேறி மூச்சுத் தசைகளைத் தொடும். இரத்தம் வந்தால் அந்த இடத்தில் மருந்து செலுத்தக் கூடாது.

6. அளவுக் கணக்கு

ஆடு லிக்னோகெயினின் நச்சுக்கு எளிதில் ஆட்படும் பிராணி என்பது பழைய எச்சரிக்கை. மாட்டுக்குக் கைப்பழக்கமாக உறிஞ்சும் அளவை ஆட்டுக்கும் உறிஞ்சுவதே ஆபத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. 25 கிலோ ஆடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாரி–திருவென்பு வழியில் 5 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர் என்றால் 5 மில்லிலீற்றர். 2 சதவீத மருந்தில் அது 100 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 4 மில்லிகிராம். உடம்பு முழுவதற்கும் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்று எல்லை வைத்தால் மிச்சம் 50 மில்லிகிராம், வெறும் 2.5 மில்லிலீற்றர். விலாவில் மரப்பு போதவில்லை என்று மேலும் 10 மில்லிலீற்றரை வெட்டுக்கோட்டில் இறக்கினால் எல்லை எங்கோ பின்னால் போய்விடும். தசை துடிப்பு, வலிப்பு, பிறகு இதயம். மேலதிகம் வேண்டியபோது சேலைன் கலந்து ஐதாக்குவதே வழி: மருந்தின் அளவு ஏறாது, பரவும் இடம் கூடும். கிழடு, கொழுத்தது, நிறைசினை ஆகியவற்றுக்குத் தொடக்க அளவையே குறைக்க வேண்டும். தராசு இல்லாத இடத்தில் நெஞ்சுச் சுற்றளவு நாடாவாவது வேண்டும். கண்மதிப்பில் 30 கிலோ என்று சொல்லப்படும் ஆடு பல வேளை 20 கிலோதான்.

தூக்கமூட்டும் மருந்தான சைலசினை லிக்னோகெயினோடு சேர்த்தால் நோவடக்கம் நீளும் என்பது சரியே. எபிடியூரலில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் அளவிலேயே அது வேலை செய்யும். ஆனால் அசைபோடும் பிராணிகள் இம்மருந்துக்கு மிக எளிதில் ஆட்படுபவை: இதயத் துடிப்பு மந்தமாகும், இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும், பெருவயிறு நின்றுவிடும். கருப்பையையும் இறுக்கும். உயிருள்ள குட்டியை எடுக்கப்போகும் ஆட்டுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. அதன் விளைவை முறிக்கும் யோகிம்பினோ அதிபாமசோலோ பெட்டியில் இல்லாமல் சைலசின் குப்பியைத் திறப்பது எனக்கு உடன்பாடில்லை.

7. கால் விழுந்த ஆடு

மருந்து ஏறி 5 முதல் 10 நிமிடத்தில் பின்னங்கால்கள் துவளும். “ஐயா, காலு ரெண்டும் போச்சே, இனி எந்திரிக்குமா?” என்ற கேள்வி அப்போது எழும். ஊசி போடுவதற்கு முன்பே சொல்லி வைக்காவிட்டால் சிகிச்சையின் மேல் வீட்டாருக்கு நம்பிக்கை போய்விடும். மரப்பு ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை நிற்கும்; காலில் பலம் திரும்ப அதற்கு மேலும் ஆகலாம். அந்த இடைவேளையில் இரத்தக் குழாய்கள் விரிந்து அமுக்கம் இறங்குவதோடு உடம்புச் சூடும் இறங்கும். இரத்தினபுரி மழையில் ஈரத் தரையில் கிடக்கும் ஆட்டுக்கு இது சின்ன விடயமல்ல. சாக்கும் வைக்கோலும் விரித்து, நெஞ்சுப்புறமாக நிமிர்த்தி, தலையைச் சற்று உயர்த்தி மூக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். சரிவில் கட்டக் கூடாது. பாதி மரத்த காலோடு எழ முயன்று வடிகானில் உருண்டால் தையல் பிரியும்.

8. மரப்பு நீங்கிய பின்

அறுவை முடித்து வைத்தியர் இறங்கிப் போய்விடுவார். மாலை ஐந்து மணிக்கு மரப்பு விடும். இரவு முழுவதும் நோவு அந்த ஆட்டுக்குத்தான். 2016 மே அரநாயக்க மண்சரிவையும் 2017 மே வெள்ளத்தையும் போன்ற நாட்களில் மறுநாள் வருவேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இரவுக்கான மருந்து பகலிலேயே உடம்புக்குள் போயிருக்க வேண்டும்.

இதற்கு நம்மிடம் உள்ள நல்ல மருந்து மெலொக்சிகாம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால் 25 கிலோ ஆட்டுக்கு 12.5 மில்லிகிராம், மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பியில் 2.5 மில்லிலீற்றர். மரப்பு விடுவதற்கு முன்பே கொடுத்தால்தான் முழுப் பயன். நோவு மூண்ட பின் அதைத் துரத்திப் பிடிப்பது கடினம். நீண்ட நேரம் முக்கி நீர் வற்றிய ஆட்டுக்கு முதலில் சேலைன் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். லிக்னோகெயினுக்குப் பதில் பியுபிவக்கெயின் கிடைத்தால் மரப்பே சில மணித்தியாலம் நீளும். காலும் அவ்வளவு நேரம் எழாது என்பதால் இருட்டும் வேளையில் அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நோவை அறிவது இன்னொரு சிக்கல். பிடித்தாலே கத்தும் ஆடு, உண்மையான நோவில் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. கூட்டத்தை விட்டு ஒதுங்கும், பல்லை நறநறக்கும், காது தொங்கும், அசைபோடாது, பலா இலையை நீட்டினால் முகர்ந்துவிட்டு விட்டுவிடும். பிரேசிலின் பொட்டுக்காட்டு நகரப் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வாளர்கள் ஆட்டுக்கென்றே நோவு அளவுகோல் ஒன்றை ஆக்கியிருக்கிறார்கள். லயத்தில் அதை யாரும் தாளில் நிரப்பப்போவதில்லை. ஆனால் ஆடு பார்க்கிற அம்மாவிடம், இரவு எட்டு மணிக்கு இலை தின்றதா, அசைபோட்டதா, குட்டியை முட்டவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டாலே மறுநாள் ஊசி வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மனிதருக்குக் கொடுத்த மாத்திரையைப் பொடித்து ஆட்டுக்குக் கரைத்து ஊற்றும் பழக்கத்தை இதோடு சேர்த்தே கண்டிக்க வேண்டும். அளவு தெரியாத மாத்திரை வைத்தியர் கொடுத்த ஊசியோடு சேரும்போது இரைப்பையும் சிறுநீரகமும் இரட்டிப்பாகத் தாக்கப்படும். என்ன ஊசி, எத்தனை மணிக்கு, அடுத்தது எப்போது என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் கூட்டுக் கதவில் செருகிவிடலாம். எத்தனை நாளுக்குப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, எந்தத் தேதிக்கு முன் இறைச்சிக்கு விற்கக் கூடாது என்பனவும் அதே தாளில் இருக்க வேண்டும். ஈன்ற ஆட்டின் பால் குட்டிக்குப் போக மிச்சம் இருந்தால் அது நேரே வீட்டுத் தேநீருக்குத்தான் போகும்.