காயலான் கடைக்குப் போன ஓட்டு யந்திரங்கள்

தேர்தலில் ஜெயித்தவரைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கண் போவது தோற்றவர் மேல்தான். எண்ணிக்கை முடிந்த பிறகு அந்த மனிதர் எப்படி வீடு திரும்புகிறார்? வாசலில் நிற்கும் மனைவியிடம் என்ன சொல்கிறார்? 'எண்ணினதில் ஏதோ சூது நடந்துவிட்டது' என்று குமைகிறாரா, அல்லது 'ஜனங்கள் நம்மை வேண்டாம் என்றுவிட்டார்கள்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறாரா? எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் இன்னும் பெரிய விஷயம். பார்லிமெண்டுக்கு நின்று தோற்றவர் டில்லிப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். பஞ்சாயத்துக்கு நின்று தோற்றவரோ மறுநாள் காலை ஜெயித்தவர் வீட்டைத் தாண்டித்தான் பால் வாங்கப் போக வேண்டும்.

இந்தக் கண்ணோடு படிக்கையில், அயர்லாந்து தேசத்தில் நடந்த ஒரு காரியம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 2004-ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கென்று அந்தச் சர்க்கார் சுமார் 7,500 ஓட்டு யந்திரங்களை வாங்கி அடுக்கியது. அவை ஒரு ஸ்தல ஸ்தாபனத் தேர்தலைக்கூடக் காணவில்லை. எட்டு வருஷம் கழித்துக் காயலான் கடைக்குப் போயின.

யந்திரம் தேர்தலுக்குள் நுழைந்ததே ஊர்த் தேர்தல் வழியாகத்தான். 1892-இல் அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து லாக்போர்ட் என்ற ஊரில், ஜேக்கப் மையர்ஸ் என்பவர் செய்த நெம்புகோல் யந்திரம் முதன்முதலாக ஓட்டு எண்ணியது. மனிதர்களின் விரல்களை நம்ப முடியாது, பற்சக்கரத்துக்குக் கட்சி கிடையாது என்பது அக்காலத்தார் எண்ணம். விரல்களைப் பற்றி அவர்கள் நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் சக்கரம் சுழன்று இலக்கம் ஏறியபின், எந்த ஓட்டு எப்படி விழுந்தது என்று திரும்பப் பார்க்க ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது. இதை அப்போது அவ்வளவாக யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அயர்லாந்துக்கு வருவோம். அங்கே ஓட்டுப் போடுவது நம்மைப் போல் ஒரு சின்னத்தில் முத்திரை குத்திவிட்டு வருகிற வேலை அல்ல. அபேட்சகர்களின் பெயர்களுக்கு நேரே பென்சிலால் 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையை எழுத வேண்டும். நம் எம்.எல்.ஏ.க்கள் ராஜ்ய சபைக்கு ஓட்டுப் போடுவது இதே முறைதான். அங்கே அது குடியானவனுக்கும் மீன் விற்கிறவளுக்கும் உள்ள முறை. 1919 ஜனவரியில் ஸ்லைகோ என்ற கடலோரப் பட்டணத்து நகரசபைத் தேர்தலில் முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே நாடு முழுவதும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அது வந்துவிட்டது. பின்னால் 1959-லும் 1968-லும் சர்க்கார் இதை ஒழித்துவிடலாம் என்று ஜனங்களின் சம்மதம் கேட்டது. ஜனங்கள் இரண்டு தடவையும் முடியாது என்றுவிட்டார்கள்.

இந்த ஓட்டை எண்ணுவது லேசான காரியம் இல்லை. நான்கு ஸ்தானங்கள், செல்லுபடியான ஓட்டுகள் 10,000 என்று வையுங்கள். ஸ்தானங்களோடு ஒன்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 2,000. அதற்கு மேல் ஒன்று, 2,001. இத்தனை பெற்றவர் ஜெயித்தார். அதற்குமேல் அவர் பெற்ற உபரி ஓட்டுகள், சீட்டில் அடுத்த இலக்கம் யாருக்கு இடப்பட்டிருக்கிறதோ அவருக்குப் போகும். யாருக்கும் எட்டவில்லை என்றால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளைப் பிரித்து மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். இப்படிப் பத்துச் சுற்று, பன்னிரண்டு சுற்று என்று கட்டுகள் மேஜைக்கு மேஜை நகரும். ஒரு நாளில் முடியலாம். மூன்று நாளும் ஆகலாம்.

மூன்று நாளா என்று நமக்குச் சலிப்புத் தட்டுகிறது. அந்த ஜனங்களுக்கு அது திருவிழா. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்திலோ பெரிய மண்டபத்திலோ மேஜைகளைப் போட்டு நடுவில் கம்பித் தடுப்பு வைத்திருப்பார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் 'டாலிக்காரர்கள்' என்று ஒரு கூட்டம் நிற்கும். சம்பளம் கிடையாது, சர்க்கார் உத்தியோகம் கிடையாது, கட்சிக்காரர்கள்தான். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை முகம் தெரியும்படி ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது, கம்பிமேல் சாய்ந்தபடி, '1' எந்தப் பெயருக்கு நேரே இருக்கிறது என்று பார்த்து அட்டையில் கோடு கிழித்துக்கொண்டே போவார்கள். ஜன்ம விரோதிகளான கட்சிக்காரர்கள்கூட அந்த ஒரு நாள் மட்டும் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நீ அந்தப் பெட்டி, நான் இந்தப் பெட்டி. பெட்டி எந்தக் கிராமத்திலிருந்து வந்தது என்று தெரியுமாதலால், எந்தத் தெரு கைவிட்டது, எந்தக் குக்கிராமம் காப்பாற்றியது என்பதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெட்டவெளிச்சம். தேர்தல் அதிகாரி முதல் சுற்றை அறிவிக்குமுன்பே, தோற்கப்போகிறவருக்குத் தாம் தோற்கப்போவது தெரிந்துவிடும். யாராவது ஒரு பழைய சிநேகிதர் வந்து காதோடு சொல்லுவார். வெளியே போய்க் காற்று வாங்கி, முகம் கழுவிக்கொண்டு வர அவகாசம் உண்டு.

நான் இதை அழகான ஏற்பாடு என்று நினைக்கிறேன். அங்குள்ள மந்திரிகளுக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகத் தோன்றியது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து குவிந்து நாடு பணக்கார நாடாகிக் கொண்டிருந்த காலம். இன்னமும் பென்சிலா, இன்னமும் சீட்டா என்று கூச்சம். பிரதமர் பெர்ட்டி ஆஹெர்ன் பின்னால் எல்லாம் தோற்றுப்போன பிறகுகூட அந்தப் பழைய பென்சிலைப் பரிகசித்துப் பேசியிருக்கிறார். ஹாலந்து தேசத்து நேடாப் என்ற கம்பெனியின் யந்திரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பொத்தானை அமுக்கி 1, 2, 3 என்று வரிசையைச் சொன்னால், அது ஒரு சிறு பெட்டகத்தில் பதிந்துகொள்ளும். இரவில் பெட்டகங்களைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகினால் அத்தனை சுற்றுகளும் நொடியில் முடியும். காகிதம் என்பதே கிடையாது.

2002 மே மாதப் பொதுத் தேர்தலில் டப்ளின் வடக்கு, டப்ளின் மேற்கு, மீத் ஆகிய மூன்று தொகுதிகளில் மட்டும் வெள்ளோட்டம் விட்டார்கள். டப்ளின் வடக்கில் நோரா ஓவன் என்ற அம்மையார் நின்றார். 1994 முதல் 1997 வரை நீதி மந்திரியாக இருந்தவர். விடுதலைப் போர்த் தலைவர் மைக்கேல் காலின்ஸுக்குப் பேத்தி உறவு. வழக்கமான நாளாயிருந்தால் மத்தியானத்துக்குள் டாலிக்காரர்கள் அவருக்குச் செய்தி சொல்லியிருப்பார்கள். அன்றைக்குச் சீட்டும் இல்லை, டாலியும் இல்லை. நள்ளிரவு தாண்டி, எல்லா அபேட்சகர்களும் நின்றிருக்க, டெலிவிஷன் காமிராக்கள் முன்னால் அதிகாரி எண்களை வாசித்தார். முன்னறிவிப்பு ஒரு வார்த்தை இல்லை. தமது ராஜீய வாழ்வு முடிந்துவிட்டது என்பதை அந்த அம்மாள் நாட்டு மக்களோடு சேர்ந்து அதே கணத்தில் தெரிந்துகொண்டார். அவர் முகம் போன போக்கை ஊரே பார்த்தது.

யந்திரம் அன்று தப்பாக எண்ணியதாக யாரும் நிரூபிக்கவில்லை. சரியாகவே எண்ணியிருக்கலாம். ஆயினும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அதுவரை யந்திரத்தைப் பற்றி யோசியாதவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். முதலில் பேச்சு நாகரிகத்தைப் பற்றி, தோல்வியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று எழுந்தது. அப்புறம்தான் கம்ப்யூட்டர் படித்தவர்கள் சிலர் வேறு கேள்வியைக் கிளப்பினார்கள். மறு எண்ணிக்கை கேட்டால் எதை எண்ணுவீர்கள்? அதே பெட்டகத்தை அதே கம்ப்யூட்டரில் மறுபடி செருகினால் அதே விடைதான் வரும். பள்ளிக்கூடத்துப் பையன் தப்புக் கணக்கை இரண்டாம் தரம் காப்பியடித்துக் காட்டுவது மாதிரி. வாக்காளர் கண்ணால் பார்த்துச் சரி சொல்லக்கூடிய ஒரு காகிதமாவது அச்சாகி விழ வேண்டும் என்றார்கள். சர்க்கார் காதில் ஏறவில்லை. 5 கோடி யூரோவுக்கு மேல் செலவு செய்து நாடு முழுவதற்கும் யந்திரங்களை வாங்கிவிட்டார்கள். 2004 ஜூன் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலிலும் ஐரோப்பியப் பார்லிமெண்டுத் தேர்தலிலும் அவைதான் என்று விளம்பரமும் செய்தாகிவிட்டது.

கூச்சல் தாங்காமல் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு சுயேச்சைக் கமிஷனை நியமித்தார்கள். ஏப்ரல் கடைசியில் அது இடைக்கால அறிக்கை கொடுத்தது. யந்திரம் தவறாக எண்ணும் என்று கமிஷன் சொல்லவில்லை. தவறாக எண்ணாது, ரகசியம் காக்கும் என்று தங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று மட்டும் சொன்னது. எண்ணுகிற புரோகிராமைக் கடைசி நிமிஷம் வரையில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எதைப் பரிசோதித்து எதற்குச் சான்று தருவது? சர்க்கார் உடனே பின்வாங்கியது. ஜூன் 11-ஆம் தேதி ஜனங்கள் பழையபடி பென்சிலைப் பிடித்தார்கள்.

அப்புறம் அந்த யந்திரங்கள் அடைந்த கதியை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். ஆங்காங்கே வாடகைக் கிட்டங்கிகளில் போர்வை போர்த்திக் கிடந்தன. ஓரிடத்தில் 25 வருஷக் குத்தகைக்கு இடம் பிடித்திருந்தார்களாம்! வாடகை மட்டும் வருஷத்துக்கு லட்சக் கணக்கான யூரோ. 2007-இல் பெரும்பகுதியைக் கார்மன்ஸ்டன் ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதற்கிடையில் 2006-இல் ஹாலந்திலேயே சில துடுக்கான ஆசாமிகள் நேடாப் யந்திரம் ஒன்றை வாங்கித் திறந்து, உள்ளே இருந்த சில்லை மாற்றி, அதைச் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டினார்கள். ஓட்டு எண்ண மட்டுமே தெரிந்த யந்திரம் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். ஹாலந்துக்காரர்கள் 2008-இல் யந்திரத்தை விட்டுச் சிவப்புப் பென்சிலுக்குத் திரும்பினார்கள். 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், ஓட்டுகள் சரியாக எண்ணப்பட்டனவா என்பதை விசேஷப் படிப்பு எதுவும் இல்லாத சாமானியப் பிரஜை தானே சரிபார்க்க வழி இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, அந்நாட்டில் 2005 தேர்தலில் இதே கம்பெனி யந்திரங்களை உபயோகித்த விதம் சட்ட விரோதம் என்றது. அடுத்த மாதமே அயர்லாந்தும் திட்டத்தைக் கைகழுவியது. 2012-இல் டல்லமோர் என்ற ஊரில் பழைய உலோகம் வாங்குகிற ஒரு கம்பெனி எல்லாவற்றையும் 70,267 யூரோவுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு யந்திரத்துக்குப் பத்து யூரோகூடத் தேறவில்லை.

இதைக் கொண்டு யந்திரமே ஆகாது என்று வாதிக்க வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தில் 2007 முதல் கவுன்சில் தேர்தல்களை இதே 1, 2, 3 முறையில் நடத்துகிறார்கள், எண்ணுவது யந்திரம்தான். அங்கே உபரி ஓட்டைச் சீட்டுக்கு இத்தனை பின்னம் என்று தசம ஸ்தானம் வரை பங்கிடுகிறார்கள். கையால் எண்ணினால் குமாஸ்தாக்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஆனால் வாக்காளர் எழுதுவது காகிதச் சீட்டில். யந்திரம் அதைப் படமெடுத்து இலக்கங்களைப் படிக்கிறது. சந்தேகமான சீட்டைத் திரையில் காட்டி மனிதர்களைத் தீர்மானிக்கச் சொல்கிறது. முதல் வருஷம் அமர்க்களம்தான். அதே நாளில் நடந்த ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டுத் தேர்தலில் 1,40,000-க்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாயின. அதற்கு முக்கியக் காரணம் யந்திரம் அல்ல, இரண்டு ஓட்டுகளை ஒரே தாளில் அச்சிட்ட புத்திசாலித்தனம். சீட்டுகள் பத்திரமாக இருந்தபடியால்தான் என்ன நடந்தது என்று விசாரிக்கவாவது முடிந்தது. 2012-லும் அதற்குப் பிறகும் யந்திர எண்ணிக்கை தொடர்ந்தது.

நம் நாட்டு யந்திரம் எப்படி என்று வாசகர்கள் கேட்பார்கள். அது வேறு ஜாதி. ஒருவருக்கு ஒரு பொத்தான், கூட்டல் மட்டும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கியதில் எங்கள் தொழில்காரரான சுஜாதாவுக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 2013 முதல் அதற்கும் ஒரு காகிதத் துண்டு வந்து சேர்ந்தது. 2019-இல் தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலும் யந்திரம் இல்லை. ஒருவருக்கு நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. எண்ண உட்கார்ந்த ஆசிரியர்கள் முதலில் நிறம் பிரிப்பதற்குள் பொழுது ஏறிவிட்டது.

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை, அயர்லாந்தில் மறுபடியும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல். சனிக்கிழமை காலை பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். டாலிக்காரர்கள் கம்பிமேல் சாய்ந்து கோடு கிழித்தார்கள். கோடுகளைக் கூட்டிப் பார்க்க மட்டும் பக்கத்தில் ஒரு மடிக் கம்ப்யூட்டர். சில ஊர்களில் கடைசி ஸ்தானம் யாருக்கு என்று தெரிய அடுத்த வாரம் பிறந்துவிட்டது.