புல்வெளியும் கம்பிவேலியும்

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஆநிரையே ஒருவனின் உடைமையாகவும் பெருமையாகவும் விளங்கிய காலத்தின் எச்சம் அது. ஸ்பானிய மொழியில் கால்நடையைக் குறிக்கும் ‘கனாதோ’ என்னும் சொல்லும் ‘ஈட்டுதல்’ என்னும் பொருள்தரும் வினையிலிருந்து பிறந்ததேயாகும். ஒன்றையொன்று அறியாத இருமொழிகள் ஒரே உண்மையைச் சொல்லில் பொதிந்து வைத்திருக்கின்றன. அந்த உண்மையை ஒரு நாட்டின் வரலாறாகவே காண விழைவோர், தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவில் பரந்து கிடக்கும் பாம்பாப் புல்வெளியை நோக்குதல் வேண்டும். மாட்டினால் செழித்த மண் அது. அம்மாட்டை மேய்த்தவனை மறந்த மண்ணும் அதுவே.

நிலத்தின் இயல்பு

‘பாம்பா’ என்பது ஆண்டீஸ் மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழிச் சொல். சமவெளி என்பது அதன் பொருள். கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல், மேற்கே ஆண்டீஸ் மலையடிவாரம், வடக்கே சாக்கோ என்னும் காட்டுப்பகுதி, தெற்கே கொலராடோ ஆறு ஆகியவற்றுக்கு இடைப்பட்ட இந்நிலம் ஏறத்தாழ 760,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மலேசியாவின் பரப்பைப் போல் இரு மடங்குக்கும் மேலானது எனலாம்.

தெற்கே தண்டில், வெந்தானா ஆகிய இரு குன்றுத்தொடர்கள் தவிர, கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து குவித்த நுண்ணிய வண்டல் மண் ஆழமாகப் படிந்துள்ளது. நாட்கணக்கில் குதிரையில் சென்றாலும் காலில் இடறக் கல்லொன்று அகப்படாத இடங்கள் அங்கு உண்டு. கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். மேற்கே செல்லச் செல்ல அது பாதியாகக் குறையும். ஆகவே கிழக்கை ஈரப் பாம்பா என்றும் மேற்கை வறண்ட பாம்பா என்றும் பிரிப்பர். தென்மேற்கிலிருந்து திடீரெனச் சீறிவரும் குளிர்காற்றுக்குப் ‘பாம்பெரோ’ என்று பெயர். வெயிலில் நிற்கும் ஆளையும் மாட்டையும் சிறிது நேரத்திற்குள் நடுங்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு.

புல்லுக்கே உரிய அந்நிலத்தில் மரங்கள் அரியன. ஆங்காங்கே தனித்து நிற்கும் ஓம்பு என்னும் பெருமரமே வழிப்போக்கனுக்கு நிழலும் அடையாளமும் ஆயிற்று. அதன் தண்டு மென்மையும் ஈரமும் உடையதாதலால் விறகுக்கும் உதவாது, தச்சுக்கும் உதவாது. பயனில்லை என்று வெட்டாமல் விட்டதே அதன் நெடுவாழ்வுக்குத் துணையாயிற்று.

மாடும் குதிரையும் வந்த கதை

இன்று பாம்பா என்றவுடன் மாடும் குதிரையும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஐரோப்பியர் வரும் முன்னர் அங்கு மாடும் இல்லை, குதிரையும் இல்லை. கெராந்தி முதலிய பழங்குடியினர் கால்நடையாகவே திரிந்து, குவானகோ என்னும் ஒட்டக இனவிலங்கையும் ஞாண்டு என்னும் பெரும்பறவையையும் வேட்டையாடி வாழ்ந்தனர். கயிற்று முனைகளில் கல்லுருண்டைகளைக் கட்டிச் சுழற்றி எறிந்து, ஓடும் விலங்கின் காலைப் பிணிக்கும் எறிகருவி அவர்களுடையது. பிற்காலத்து மாடுமேய்ப்பர் கைக்கொண்டதும் அக்கருவியையே.

1536ஆம் ஆண்டில் பெட்ரோ டி மெண்டோசா என்னும் ஸ்பானியர் பிளாட்டா ஆற்றின் கரையில் புவெனஸ் அயர்ஸ் குடியேற்றத்தை நிறுவினார். பசியும் பழங்குடியினரின் எதிர்ப்பும் அவர்களை வாட்டின. 1541இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. அவர்கள் விட்டுச்சென்ற குதிரைகள் புல்வெளியில் பெருகின என்று கூறப்படுகிறது. 1580இல் ஹுவான் டி கராய் அசுன்சியோனிலிருந்து மக்களையும் மாடுகளையும் கொண்டுவந்து அந்நகரை மீண்டும் நிறுவினார். பகைவிலங்கு குறைந்த அப்புல்வெளியில் மாடுகள் வரம்பின்றிப் பல்கின. நாட்டின் பெயரும் ஆற்றின் பெயரும் வெள்ளியைக் குறிப்பன. ஆனால் வந்தவர்கள் தேடிய வெள்ளி அங்கு இல்லை. உண்மையான செல்வமோ நான்கு கால்களில் மேய்ந்து கொண்டிருந்தது.

தொடக்கத்தில் இம்மாடுகளை எவரும் வளர்க்கவில்லை, வேட்டையாடினர். நகர மன்றத்திடம் உரிமம் பெற்ற கூட்டத்தார் குதிரையேறிச் சென்று, நீண்ட கழியின் நுனியில் பிறைவடிவ அலகு பொருத்திய கருவியால் ஓடும் மாட்டின் பின்னங்கால் நரம்பை அறுத்து வீழ்த்துவர். தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு இறைச்சியைப் பருந்துக்கும் நாய்க்கும் விட்டுச் செல்வர். ஐரோப்பாவிற்குத் தோல் வேண்டியிருந்தது. இறைச்சியைக் கெடாமல் கொண்டுசெல்லும் வழி தெரியவில்லை. எனவே வயிறார உண்பது அங்கு மிக எளிதாயிற்று.

கௌச்சோவின் வாழ்வு

இச்சூழலில் உருவானவனே கௌச்சோ என்னும் மாடுமேய்ப்பன். ஸ்பானிய இரத்தமும் பழங்குடி இரத்தமும் ஆப்பிரிக்க இரத்தமும் கலந்த மக்கள் அவர்கள். குதிரையே அவனுக்குக் கால். இரவில் சேணத்தின் விரிப்புகளே பாய், சேணமே தலையணை. குதிரைக்குட்டியின் பின்னங்கால் தோலை அப்படியே உரித்து, ஈரத்தோடு தன் காலில் மாட்டிக் காயவிட்டால் அதுவே காலணி. விரல்கள் வெளியே தெரியும். நடுவில் தலைநுழையத் துளையிட்ட போஞ்சோ என்னும் கம்பளம் பகலில் உடை, இரவில் போர்வை. சண்டையில் இடக்கையில் சுற்றிக்கொண்டால் கேடயம். இடுப்பில் செருகிய நெடுங்கத்தி உணவு வெட்டவும் உயிர் காக்கவும் ஆயிற்று.

வீடு என்பது மண்சுவரும் புற்கூரையும் கொண்ட குடிசை. மாட்டின் மண்டையோடுகள் இருக்கைகளாயின. சோறோ ரொட்டியோ காய்கறியோ பெரும்பாலும் இல்லை. நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியும் ‘மாத்தே’ என்னும் இலைப்பானமுமே உணவு. வடகிழக்கிலிருந்து வரும் ஒருவகை இலையைப் பொடித்துச் சிறு சுரைக்குடுவையில் இட்டு வெந்நீர் ஊற்றி, முனையில் சல்லடையுள்ள உலோகக் குழலால் உறிஞ்சுவர். கூடியிருப்போர் அனைவருக்கும் குடுவை ஒன்றே, குழலும் ஒன்றே. வந்தவன் யார் என்று கேட்பதற்கு முன் குடுவையை நீட்டுவது அந்நிலத்தின் விருந்தோம்பலாகும்.

ஆண்டுதோறும் மாடுகளை ஓரிடத்தில் வளைத்துச் சேர்த்துக் காய்ச்சிய இரும்பால் சூடிட்டு உரிமை குறிக்கும் நாள் பெருவிழாவாகும். ஊர்க்கடையே மன்றம். கடைக்காரன் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று மதுவும் புகையிலையும் விற்பான். முன்னால் இருவர் கிதார் மீட்டி, ஒருவர் வினவ மற்றவர் விடையிறுக்கும் எதிர்ப்பாட்டு நடைபெறும். எழுத்தறியாதோர் எனினும் சொல்லறியாதோர் அல்லர். இவ்வாழ்வின் சுமையைப் பெரிதும் தாங்கியவர் பெண்டிர். ஆடவர் மாதக்கணக்கில் மந்தையோடு செல்ல, குடிசையும் குழந்தைகளும் அவர்கள் பொறுப்பாயின.

சட்டமும் வேலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைச்சியை உப்பிட்டு உலர்த்தும் சாலைகள் தோன்றின. அவ்வுப்பிறைச்சி பிரேசிலுக்கும் கியூபாவிற்கும் அடிமைகளின் உணவாக ஏற்றுமதியாயிற்று. எறியப்பட்ட இறைச்சிக்கு விலை வந்தது. இறைச்சிக்கு விலை வந்ததும் மாட்டுக்கும், மாட்டுக்கு வந்ததும் நிலத்துக்கும் விலை வந்தது. பண்ணையார்களுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டனர். தன் விருப்பப்படி திரிந்த கௌச்சோவைப் பணியாளாக்கும் கருவி சட்டமே ஆயிற்று.

1815ஆம் ஆண்டில் புவெனஸ் அயர்ஸ் மாநிலத்தில் ஓர் ஆணை பிறந்தது. நாட்டுப்புறத்தில் சொத்தில்லாத ஒவ்வொருவனும் பணியாளனாகவே கருதப்படுவான். அவன் தன் முதலாளி கையெழுத்திட்ட சீட்டை வைத்திருத்தல் வேண்டும். மூன்று மாதத்திற்கொருமுறை அதைப் புதுப்பித்தல் வேண்டும். சீட்டு இல்லாதவன் நாடோடி எனப்பட்டு ஐந்தாண்டுக் காலம் படையில் சேர்க்கப்படுவான். அடுத்த ஆண்டு, 1816 ஜூலை 9ஆம் நாள், நாடு தன் விடுதலையை அறிவித்தது. நாடு விடுதலை பெற்றது; நாட்டுப்புறத்தானோ சீட்டுக்குக் கட்டுப்பட்டான். 1865இல் வந்த நாட்டுப்புறச் சட்டத்தொகுப்பும் இப்பிடியைத் தளர்த்தவில்லை.

சட்டம் செய்து முடிக்காததைக் கம்பி முடித்தது. 1845இல் ரிச்சர்ட் நியூட்டன் என்னும் ஆங்கிலேயப் பண்ணையார் தம் தோட்டத்தைக் காக்க இரும்புக் கம்பி வேலியிட்டார். 1855இல் பிரான்சிஸ்கோ ஹால்பாக் தம் பண்ணை முழுவதையும் வேலியால் வளைத்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் பாம்பா முழுவதும் கம்பி ஓடியது. மந்தையைக் காக்கப் பத்துப்பேர் தேவைப்பட்ட இடத்தில் ஓரிருவர் போதுமாயினர். நினைத்த திசையில் குதிரையைச் செலுத்தியவன் முன் வாயிற்கதவுகள் எழுந்தன.

பழங்குடியினர்க்கு நேர்ந்ததோ இதனினும் கொடிது. 1876, 1877ஆம் ஆண்டுகளில் அவர்களைத் தடுக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு அகழி தோண்டப்பட்டது. 1879இல் ஜெனரல் ஹூலியோ ரோக்கா படைநடத்தி நீக்ரோ ஆறுவரை சென்றார். மக்கள் வாழ்ந்த நிலத்தைப் ‘பாலைவனம்’ என்று பெயரிட்டு, அப்படையெடுப்பைப் பாலைவன வெற்றி என்றனர். பலர் கொல்லப்பட்டனர். சிறைப்பட்ட குடும்பங்கள் பிரிக்கப்பட்டன; தாயரும் குழந்தைகளும் நகர வீடுகளில் ஏவலராயினர். வென்ற நிலம் பெரும்பாலும் சிலர் கையிலேயே சேர்ந்தது. போர்வீரர்க்கு நிலப்பத்திரம் வழங்க 1885இல் சட்டம் வந்தது எனினும், ஏழை வீரர் பலர் அவற்றை அற்பவிலைக்கு விற்றுவிட்டனர்.

இரு எழுத்தாளர், இரு பார்வை

இக்காலத்தே இருவர் கௌச்சோவைப் பற்றி எழுதினர். ஒருவர் சார்மியெந்தோ. 1845இல் வெளிவந்த ‘ஃபகுண்டோ’ என்னும் நூலில், நகரத்தை நாகரிகம் என்றும் புல்வெளியை அநாகரிகம் என்றும் அவர் வகுத்தார். கொடுங்கோலர் ரோசாஸின் ஆட்சியை எதிர்த்து நாடுகடந்து வாழ்ந்தபோது எழுதியது அது. பின்னர் 1868 முதல் 1874 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், பள்ளிகளைப் பெருக்கினார். 1870இல் பரானா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அமைய ஆணையிட்டார். அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். கல்வித் தொண்டில் அவருக்கு ஈடாக அந்நாட்டில் ஒருவரைச் சொல்லுதல் அரிது. அத்தகைய பெருமகனாரே, எழுத்தறியாத நாட்டுப்புறத்தானை அநாகரிகத்தின் பக்கமே வைத்துப் பார்த்தார்.

மற்றொருவர் ஹோசே எர்னாண்டஸ். இளமையிலேயே பண்ணைகளில் வாழ்ந்து மாடுமேய்ப்பரின் பேச்சையும் பாட்டையும் அறிந்தவர். 1872இல் ‘மார்ட்டின் ஃபியெரோ’ என்னும் காவியத்தை வெளியிட்டார். வலிந்து எல்லைப்படைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒருவன், கூலியின்றி உழைத்து, தப்பித் திரும்பி வந்து, இடிந்த குடிசையையே காண்கிறான். மனைவியும் மக்களும் அங்கு இல்லை. அக்கதை அவன் வாய்மொழியாகவே, அவனுடைய நாட்டுப்புறப் பேச்சிலேயே பாடப்பட்டது. ஆறு ஆண்டுகளில் 11 பதிப்புகளாக 48,000 படிகள் வெளிவந்தன. ஊர்க்கடைக்காரர்கள் ஏனைய சரக்குகளோடு இந்நூலையும் சேர்த்து வாங்கினர். படிக்கத் தெரிந்த ஒருவன் படிக்க, தெரியாதோர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

பள்ளி அமைத்தவர் மக்களுக்கு எழுத்தைக் கொடுத்தார். பாட்டெழுதியவர் அவ்வெழுத்தில் மக்களுடைய முகத்தைக் காட்டினார். எழுத்தறிவித்தல் பெருந்தொண்டு, ஆனால் அவ்வெழுத்தில் தன்னைப்பற்றி இழிவாகவே எழுதியிருக்கக் காணும் சிறுவன் எழுத்தை எவ்வாறு நேசிப்பான்? கல்வி நடத்துவோர் எந்நாட்டிலும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

செல்வமும் அதன் பங்கீடும்

1857இல் பத்துக் கிலோமீட்டராகத் தொடங்கிய இருப்புப்பாதை, 1914இல் 33,000 கிலோமீட்டரைக் கடந்தது. 1876 டிசம்பரில் ‘ஃபிரிகொரிஃபிக்’ என்னும் குளிரூட்டப்பட்ட கப்பல் பிரான்சிலிருந்து வந்து, இறைச்சியைக் கெடாமல் கடல்கடத்தலாம் என்பதை மெய்ப்பித்தது. ஐரோப்பியர் நாவுக்கேற்ற உயர்ரக மாடுகள் இறக்குமதியாயின. அவற்றுக்கேற்ற தீவனமாகிய குதிரைமசால் வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த உழவர்க்கு நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. மூன்றாண்டு கோதுமை பயிரிட்டு, இறுதியில் குதிரைமசாலை விதைத்துவிட்டு அவர்கள் வெளியேறவேண்டும் என்பதே வழக்கமான உடன்படிக்கை. மண்ணைப் பண்படுத்தியவன் ஒருவன். அதில் மாடு மேய்த்துப் பொருளீட்டியவன் வேறொருவன்.

1869இல் ஏறத்தாழ 18 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1914இல் 78 இலட்சத்தைத் தாண்டியது. உலகின் செல்வநாடுகளுள் ஒன்றாக அர்ஜென்டினா எண்ணப்பட்டது. அச்செல்வத்தின் அடித்தளத்தில் இருந்தோர் 1912 ஜூன் 25ஆம் நாள் அல்கோர்த்தா என்னும் ஊரில் திரண்டு குத்தகைக் கொடுமையை எதிர்த்துப் பணிநிறுத்தம் செய்தனர். பண்ணைத் தொழிலாளிக்கோ, குறைந்தபட்சக் கூலியும் ஞாயிறு ஓய்வும் உறைவிட வசதியும் உறுதிசெய்யும் சட்டம் 1944இல்தான் கிடைத்தது. சீட்டு ஆணைக்கும் இதற்கும் இடையே 129 ஆண்டுகள் கடந்திருந்தன.

மறைந்தபின் மாலை

வேலிக்குள் கௌச்சோ கூலியாளாகக் கரைந்தபின், நாடு அவனைத் தேடத் தொடங்கியது. குடியேறியோர் பெருகிய நாட்டிற்குத் தனக்கென ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. 1913இல் கவிஞர் லியோபோல்டோ லுகோனெஸ், தலைநகர அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் ‘மார்ட்டின் ஃபியெரோ’வை நாட்டின் காவியம் என நிறுவினார். எர்னாண்டஸ் பிறந்த நவம்பர் 10ஆம் நாள், 1939இல் புவெனஸ் அயர்ஸ் மாநிலத்திலும், 1975இல் நாடு முழுவதிலும் மரபு நாளாக அறிவிக்கப்பட்டது. சான் அந்தோனியோ டி அரேக்கோ என்னும் ஊரில் ஆண்டுதோறும் குதிரை வீரர்கள் பழைய உடையணிந்து ஊர்வலம் வருகின்றனர். சீட்டில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டவனின் உடை இன்று நாட்டின் விழாக்கோலம்.

பாம்பாவும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1996இல் மரபணு மாற்றப்பட்ட சோயா அங்கு அனுமதிக்கப்பட்டபின், பழைய மேய்ச்சல் நிலங்கள் பல சோயா வயல்களாயின. நாட்டில் இன்றும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உண்டு. எனினும் அவற்றுள் பல, புல்லைக் கைவிட்டுப் பட்டிகளில் தானியம் தின்று கொழுக்கின்றன.

ஒரு நிலத்தின் வரலாற்றை ஏற்றுமதிக் கணக்கால் அறியலாம். உரிமைப் பத்திரங்களாலும் அறியலாம். அவ்விரண்டிலும் மேய்த்தவன் பெயரும் உழுதவன் பெயரும் இரா. பாம்பாவில் அப்பெயரைக் காத்தது ஒரு பாட்டே. உழைக்கும் மக்களின் வாழ்வை அவர்கள் வாழும் காலத்திலேயே, அவர்கள் மொழியிலேயே எழுதிவைத்தல் வேண்டும். உரிமையையும் அப்போதே வழங்குதல் வேண்டும். மறைந்தபின் சூட்டும் மாலை, மாண்டவனுக்கு அன்று, சூட்டியவர்க்கே அழகு சேர்க்கும்.