காவா வேரும் அதன் கட்டுப்பாடுகளும்

நம் நாட்டு வெற்றிலைக்கும் மிளகுக்கும் நெருங்கிய இனமான ஒரு செடி பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளில் பயிராகிறது. காவா என்று பொதுவாகவும், பிஜியில் யங்கோனா என்றும் வழங்கும் அச்செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடித்த பானம், பலநூறு ஆண்டுகளாகத் தீவுவாசிகளின் சபைகளில் மட்டும் புழங்கி வந்தது போக, இன்று அமெரிக்க நகரங்களில் மன அமைதி தரும் பானம் என்ற விளம்பரத்தோடு புட்டிகளில் விற்பனையாகிறது. அது தீங்கற்றதா என்று ஆராயப் புகுவோர், இரசாயன சாலையின் வாயிலை மிதிப்பதற்கு முன் அதன் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது அவசியம் என்பது என் துணிபு.

வனுவாட்டுத் தீவுகளே இதன் பிறப்பிடம் என்று தாவர சாஸ்திரிகள் கருதுகிறார்கள். முளைக்கக்கூடிய விதை இதற்குக் கிடையாது. தண்டைக் கணுவோடு வெட்டி நட்டால்தான் உண்டு. ஆகவே இன்றுள்ள ஒவ்வொரு ரகமும், தலைமுறை தலைமுறையாகப் பருகிப் பார்த்து, நன்மையானதைப் பேணித் தீமையானதை ஒதுக்கிய குடியானவர்களின் கைவழியாக வந்து சேர்ந்ததேயாகும். நாள்தோறும் அருந்தத்தக்க உயர்ந்த ரகங்கள் எவை, வைத்தியத்துக்கு மட்டும் உரியவை எவை, இரண்டு நாள் வரை தலைச்சுற்றலும் குமட்டலும் நீடிப்பதால் 'டூடே' என்று பெயர் பெற்றவை எவை என்பதையெல்லாம் அவர்கள் செடியைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்வார்கள்.

பிஜியில் காவா அருந்தும் முறையும் கிரமமானது. தானோவா என்னும் மரத்தொட்டியைச் சுற்றி எல்லாரும் சப்பணமிட்டு அமர்ந்திருக்க, ஒருவர் வேர்ப்பொடியைத் துணியில் முடிந்து நீரில் அமிழ்த்திப் பிசைகிறார். சேற்றுநீர் நிறத்தில் இறங்கும் சாற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு நீட்ட, பெறுகிறவர் ஒருமுறை கைதட்டி வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மும்முறை கைதட்டுகிறார். நாக்கும் உதடும் மரத்துப் போகின்றன. மனம் மெல்லத் தணிகிறது. 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவரின் சந்ததியாரும், கல்யாணமானாலும் சாவானாலும், இன்று அந்தத் தொட்டியைச் சூழ்ந்து அமர்கிறார்கள்.

பழமையான வழக்கம் என்பதாலேயே அதில் தோஷமே இல்லையென்று சொல்ல நான் உடன்படேன். காப்டன் குக்கின் இரண்டாம் பிரயாணத்தில் உடன்சென்று இச்செடிக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டிய பார்ஸ்டர் காலந்தொட்டே, மிதமிஞ்சிக் குடிப்பவரின் தோல் வறண்டு செதில் செதிலாக உரிவதை ஐரோப்பியர் கண்டிருக்கிறார்கள். குடியை நிறுத்தினால் அது மறைந்துவிடும் என்பதும் அனுபவம்.

விபரீதம் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. ஜெர்மனியில் மனக்கலக்கத்துக்கு ஔஷதமாகக் காவா 1990இல் அங்கீகாரம் பெற்றபோது, நாளொன்றுக்குக் காவாலாக்டோன் என்னும் சத்து 60 முதல் 120 மில்லிகிராம் வரை என்றும், வைத்தியர் ஆலோசனையின்றி மூன்று மாதத்துக்கு மேல் கூடாதென்றும் வரம்பு விதித்திருந்தார்கள். ஆயினும் அந்த மாத்திரைகளில் இருந்தது தண்ணீரில் பிசைந்த சாறன்று. சாராயத்தாலும் அசிட்டோனாலும் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சத்து. தேவை பெருகப் பெருக, தீவுவாசிகள் பானத்துக்குச் சேர்க்காத தண்டுத் தோலும் சரக்கோடு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் பின்னர் ஆராய்ச்சியாளரிடையே எழுந்தது. கல்லீரல் பழுதடைந்த நோயாளிகள் பற்றிய செய்திகள் வரத்தொடங்கியதும் 2002இல் ஜெர்மானிய அரசு மருந்தைத் தடை செய்தது. அவ்வாண்டே வனுவாட்டு ஒரு சட்டம் இயற்றி, டூடே ரகங்களை ஏற்றுமதி செய்வதை விலக்கியது. 2014இல் ஜெர்மன் நீதிமன்றம் தடையை ரத்து செய்ய, 2019இல் அனுமதி மறுபடியும் பறிக்கப்பட்டது. வழக்கும் எதிர்வழக்குமாகக் காலம் கடந்த அத்தனை ஆண்டுகளும் நஷ்டப்பட்டவர்கள் அந்தச் செடியை நம்பியிருந்த எளிய உழவர்களே என்பதை நினைக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை 93 நோயாளிகளின் விவரங்களைப் பரிசீலித்து, 8 பேரிடத்தில் மட்டுமே காவாவுக்கும் நோய்க்கும் நெருங்கிய தொடர்பு கண்டது. மதுவும் பிற மருந்துகளும் கூடச் சேர்வதும், முன்பே கல்லீரல் நோய் இருப்பதும், அளவு மீறுவதும் அபாயத்தைப் பெருக்கும் என்றும் கூறிற்று. தொகை சிறிதென்று இதை அலட்சியம் செய்வதும் தவறு. வேர் முழுவதுமே விஷமென்று அஞ்சுவதும் தவறு. ரகம், உறுப்பு, வடிக்கும் முறை, அளவு ஆகிய நான்கையும் தீவுவாசிகளின் சம்பிரதாயம் ஒருங்கே காத்து வந்தது. வியாபாரமோ வேரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு, அந்தக் காவலைத் தீவிலேயே விட்டுவிட்டது.

ஆதலால், அயல்நாட்டில் வாழும் நம்மவர் எவரேனும் இத்தகைய புட்டியைக் கையிலெடுக்க நேர்ந்தால், அதில் இருப்பது வேரா தண்டா, நீரில் வடித்ததா இரசாயனத்தில் பிரித்ததா, சத்தின் அளவு எவ்வளவு என்று மேலுறையில் தேடிப் பாருங்கள். அவை குறிப்பிடப்படாத சரக்கை வாங்காதீர்கள். மதுவோடு இதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கல்லீரல் நோயுற்றோரும், கர்ப்பிணிகளும், தூக்க மருந்து உட்கொள்வோரும் இதைத் தொடாமலிருப்பதே உத்தமம்.