மயங்கி விழுந்தா 'வெயில்தான்'னு விட்டுடலாமா? எந்த மயக்கம் ஆபத்து?

ஸ்கூல் பிரேயர்ல, கோயில் கூட்டத்துல யாராவது ஒருத்தர் பொத்துனு விழுவாங்க. முகத்துல தண்ணி தெளிச்சதும் எழுந்துடுவாங்க. "காலையில சாப்பிடல, அதான்" என்று பேச்சு முடிந்துவிடும். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. ஆனால் எல்லா மயக்கமும் அப்படி இல்லை.

மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடிகள் குறைந்தாலே நினைவு தப்பிவிடும். ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி.

நரம்பு காரணமா?

அதிகம் வருவது இந்த வகைதான். ரொம்ப நேரம் நிற்பது, புழுக்கம், ஊசி பயம் போன்றவற்றால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையும், ரத்தக் குழாய்கள் விரிந்து பிபி இறங்கும். வியர்வை, குமட்டல், கண் இருட்டுவது என இது சொல்லிவிட்டுத்தான் வரும். அப்போதே படுத்துவிட்டால் விழாமல் தப்பிக்கலாம். இதில் பெரிய ஆபத்து, விழும்போது தலையில் அடிபடுவதுதான்.

வயதானவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தாலே பிபி இறங்கலாம். பிபி மாத்திரையும் காரணமாக இருக்கும். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திடாதீங்க, டாக்டரிடம் கேளுங்க.

இதயம் காரணம் என்றால்?

ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்ததா? எந்த அறிகுறியும் இல்லாமல் விழுந்தாரா? விழும் முன் நெஞ்சு படபடத்ததா, வலித்ததா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு 'ஆமா' என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும். இதயத் துடிப்புக் கோளாறு, வால்வு சுருக்கம், இதயத் தசை தடிப்பு போன்றவை இப்படித்தான் முதலில் தெரியவரும்.

இளவயது, நல்ல உடம்பு என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை. 2021 யூரோ கால்பந்துப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே சரிந்தார். வயது 29. அது வெறும் மயக்கம் இல்லை, இதயமே நின்றுவிட்டது. உடனே சிபிஆர், மின் அதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார்.

முதல் பரிசோதனை இசிஜி. அது நார்மல் என்றாலும் நிம்மதியாகிவிட முடியாது. துடிப்புக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால், 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டச் சொல்வார்கள்.

வலிப்பா, மயக்கமா?

சாதாரண மயக்கத்திலும் கை கால் சில விநாடி இழுக்கலாம். நாக்கின் ஓரம் கடிபட்டு, எழுந்த பிறகும் நெடுநேரம் குழப்பம் இருந்தால் வலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் பயனில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன நடக்கிறது என்று கவனித்து டாக்டரிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உடனே என்ன செய்யணும்?

மல்லாக்கப் படுக்க வைத்து காலைத் தூக்கிப் பிடியுங்க. தெளியும் வரை வாயில் சோடா, தண்ணி எதுவும் ஊத்தாதீங்க. கூப்பிட்டும் அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் 108-க்கு போன் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க.