தமிழகத்து ஊர்ப்புறக் கூட்டுறவுக் கடன்: ஒரு வரலாற்று நோக்கு

உழவர்க்குக் கடனுதவும் கூட்டுறவு நிறுவனங்களை வலுப்படுத்தல் வேண்டும் என்பது பலகாலும் பேசப்படும் பொருளாகும். அவ்வலிமை எங்கிருந்து வருதற்குரியது என்பதை வரலாற்றின் வழி நின்று ஈண்டு ஆராய்வாம்.

சென்னை மாகாண அரசின் பணிப்பின்படி பிரெடரிக் நிக்கல்சன் வேளாண் வங்கிகளைப்பற்றி ஆராய்ந்து, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தார். செருமனியில் இரைபைசன் கண்ட ஊர்ச் சங்கங்களையே அவர் சிறந்த முன்மாதிரியாகக் கொண்டார். கடன் வழங்கல் மட்டுமன்று. சிக்கனமும் சேமிப்பும், ஒருவரையொருவர் நன்கறிந்தார் தம்முட் கொள்ளும் நம்பிக்கையும் அச்சங்கங்களின் உயிர்நிலையாகும். நம் நாட்டிற்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி 1872லேயே தோன்றிவிட்டது. ஆயினும், இத்தகைய நிதிகள் பெரிதும் நகரங்களிலேயே வேரூன்றின.

1904ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பை வகுத்தது. ஒருவர் தவறின் அனைவரும் ஈடுசெய்தல் வேண்டும். ஆகவே அனைவரும் விழிப்புடன் இருப்பர் என்பது அதன் கருத்து. அவ்வாண்டிலேயே, இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் ஊரகக் கடன் சங்கம் அமைந்தது. 1905இல் சென்னையில் தோன்றிய மைய நகர வங்கியே பின்னர் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக வளர்ந்தது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் கண்ட பயன் யாது? 1951-52இல் நிகழ்ந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வின் அறிக்கை 1954இல் வெளிவந்தது. உழவர் பெற்ற கடனுள் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3 அளவே. வட்டிக்கு விடுவோர் பங்கோ ஏறத்தாழ 70. நிலத்தை ஈடாகக் கேட்டமையால், நிலமில்லாக் குத்தகையாளர் வெளியே நின்றனர். அரசு பங்குதாரராதல் வேண்டும் என அவ்வாய்வுக் குழு பரிந்துரைத்தது. அதனால் முதல் பெருகிற்று. ஆனால் உரிமை கைமாறிற்று. அரசே பங்குதாரராகவும் மேலாளராகவும் தணிக்கையாளராகவும் நின்ற நிலையை, 2004இல் அமைந்த வைத்தியநாதன் குழு பெருங்குறையாக எடுத்துக்காட்டியது.

இவற்றால் புலனாவது ஒன்றுண்டு. தன் சேமிப்பைச் சங்கத்தில் இட்டவனே அதன் கணக்கைக் கேட்பான். பிறர் பணத்தைப் பெறுவோன் தள்ளுபடியை எதிர்நோக்குவான். எனவே உறுப்பினர் வைப்புத்தொகை, காலந்தவறாத் தேர்தல், சார்பற்ற தணிக்கை, குத்தகையாளர்க்கும் இடமளித்தல் என்னும் நான்குமே இந்நிறுவனங்களுக்கு வலிமை தருவன என்பது எம் துணிபு.